இடும்பன் கையை எடுத்தான்

குப்புறப் படுத்துக்குங்க சார். கல்லு சுடும், அந்தத் துண்டை மடிச்சுக் கீழ போட்டுக்குங்க. தலையை இந்தப் பக்கம் வெச்சீங்கன்னா அருவி சாரல் மூஞ்சில அடிக்காது, நான் பேசறதும் கேக்கும்.

நீங்க வரும்போதே என் காலைப் பாத்தீங்க. பாத்தா தப்பில்ல சார், எல்லாரும்தான் பாக்கறாங்க. பாறையில வழுக்கி விழுந்தியாப்பான்னு கேப்பாங்க. ஒகேனக்கல்லுல எண்ணெ போடறவன் கால் இழுத்து நடந்தா வேற என்ன நெனப்பாங்க? ஆமாங்கன்னு சொல்லிட்டு வேலையைப் பாப்பேன். ஆனா மூணு வாரமா இதை யார்கிட்டயாச்சும் சொல்லணும்னு இருக்குது. வீட்ல சொன்னா அவ எதிர்க்கட்சி பேசறா. நீங்க வெளியூரு. கேட்டுட்டுப் போயிருவீங்க.

வழுக்கி விழல சார். பிடிக்கறேன்னு நின்னவன் பிடிக்காம விட்டான். அவன் பேரு சாலமோன்.

ராஜாளின்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா. உங்களுக்கு முப்பது வயசு இருக்குமா? அப்ப தெரிஞ்சிருக்க நாயமில்ல. சேலம், ஈரோடு, கரூர் பக்கம் பொருட்காட்சிக்குப் போனவங்களைக் கேட்டுப் பாருங்க. எத்திராஜுலு குஸ்தி கம்பெனின்னு ஒண்ணு இருந்துச்சு. ராட்டினத்துக்குப் பக்கத்துல தகரத் தட்டி கட்டி, நடுவுல மேடை போட்டு, நாலு மூலைக்கும் கம்பம் நட்டு, மூணு வரிசை கயிறு இழுத்து விட்டிருப்பாங்க. அந்தக் காலத்துல டிவியில வெள்ளைக்காரன் குஸ்தியைப் பாத்துட்டு ஊரே பைத்தியமா கெடந்துச்சு. எத்திராஜுலு அதைப் பாத்துட்டு நம்ம ஊர்ல போட்டா என்னன்னு போட்டாரு. அதுல ராஜாளி நான்தான். அசல் பேரு சின்னமாது.

அப்ப பத்தொம்பது வயசு எனக்கு. இதோ எதிர்ல தெரியுதே அந்தப் பாறை, அதுமேல இருந்துதான் குதிப்பேன். டூரிஸ்ட்டுங்க கை தட்டுவாங்க. ஒருநாள் எத்திராஜுலு குடும்பத்தோட பரிசல்ல வந்தவரு, நான் குதிக்கறதைப் பாத்தாரு. தண்ணியில விழுவே, தரையில விழுவியான்னு கேட்டாரு. விழுவேன்னேன். மறுநாளே சேலத்துக்கு பஸ் ஏறிட்டேன்.

தோளைத் தளர்த்துங்க சார். இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க.

குஸ்தின்னா பேசி வெச்சு ஆடறதுதான், இல்லேங்கல. யாரு ஜெயிக்கணும், யாரு தோக்கணும்னு மத்தியானமே முடிவாயிரும். அதனால பொய்யின்னு சொல்றாங்க. ஜெயிக்கறதுதான் சார் பொய். விழறது நெஜம். பத்தடி உயரத்துலேர்ந்து விழுந்தா பத்தடிக்கு உண்டானதை ஒடம்பு வாங்கித்தான் ஆகணும். அதை யார் ஒடம்பு வாங்குதுங்கறதுலதான் தொழிலே இருக்குது.

சாலமோன் கோலார் தங்கவயல்காரன். அவங்கப்பா சுரங்கத்துல வேலை செஞ்சவரு. ஆறடி ஒசரம், நூத்திப் பத்து கிலோ. மூஞ்சில கரியைப் பூசி, கொம்பு வெச்ச தொப்பியை மாட்டி விட்டா பாக்கறவன் ரெண்டடி பின்னால போவான். அவனுக்கு இடும்பன்னு பேரு வெச்சாங்க. அவன் கெட்டவன், நான் நல்லவன். மொதல்ல அவன் என்னைப் போட்டுச் சாத்துவான். சனங்க அழும். அப்புறம் நான் எந்திரிச்சு, மூலைக் கம்பத்து மேல ஏறி, கயித்துக்கு வெளிய நிக்கறவன் மேல ஒரு பல்டி அடிச்சுப் பாய்வேன். ராஜாளிப் பாய்ச்சல். அத்தோட அவன் காலி.

அப்பிடித்தான் பாக்கறவங்களுக்குத் தெரியும். உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னா, நான் வரும்போது அவன் ரெண்டு கையையும் தூக்குவான். பயந்து தடுக்கற மாதிரி தெரியும். வலது கையால என் தொடையைப் பிடிப்பான். இடது தோளை என் நெஞ்சுக்குக் கொடுப்பான். பிடிச்சுக்கிட்டே மல்லாக்க விழுவான். அந்த மொத்த வேகமும் அவன் தோள்ல எறங்கி, முதுகுல போயி, தரையில போயிரும். எனக்கு மெத்தையில விழுந்த மாதிரி இருக்கும். ஏழு வருஷம் சார். வாரத்துக்கு நாலு ஆட்டம். ஒரு சிராய்ப்பு கெடையாது எனக்கு.

நல்லாத்தான் பிடிப்பான். அதை நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதனாலதான் ஆத்திரமே.

ஊர் ஊரா ஒரே ரூம்லதான் தங்குவோம். சனங்களுக்குத் தெரிஞ்சா ஆட்டம் கெட்டுப்போயிரும்னு தனித்தனியா பஸ்ல வருவோம், ரூமுக்குள்ள வந்ததும் ஒரே தட்டுல சாப்பிடுவோம். அவன் நல்லா சமைப்பான். ஆட்டத்துக்கு முன்னாடி மூலையில போயி நின்னு ஜெபம் பண்ணுவான். என்னடா வேண்டிக்கிறேன்னு ஒருதரம் கேட்டேன். "உன்னை ஒழுங்கா எறக்கி விடணும்னு வேண்டிக்கிறேன்"னான். நீ உனக்கு வேண்டிக்கடான்னு சிரிச்சேன்.

சனங்க அவனைப் படுத்துன பாடு இருக்கே. கரூர்ல ஒரு பெரியவரு மேடை வரைக்கும் வந்து கொடையாலயே நாலு சாத்து சாத்தினாரு. "அந்தப் புள்ளையைப் போட்டு அடிக்கறியே, உனக்குக் கை வெளங்குமா"ன்னு கேட்டாரு. சாலமோன் உறுமிக்கிட்டே நின்னான். ரூமுக்கு வந்து, "பாவம் மாது அந்த மனுசன், கொடை ஒடஞ்சு போச்சு"ங்கறான். போஸ்டர்ல என் மூஞ்சி மட்டும்தான் போடுவாங்க. டீக்கடையில என்னைச் சுத்திக் கூட்டம் நிக்கும். கரியைக் கழுவிட்டு அவன் பக்கத்து பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சுட்டிருப்பான், ஒருத்தனுக்கும் தெரியாது. அவனுக்கு அது பிடிச்சிருந்துச்சு சார். நிம்மதியா டீ குடிக்கலாம்னு சொல்லுவான். நானா ஒண்ணும் அவனை மறைச்சு வெக்கல.

எனக்குக் கல்யாணம் ஆச்சு. பச்சியம்மா, பென்னாகரம் பக்கம். அவனுக்கு ஏற்கனவே கல்யாணமாகி ஒரு பொண்ணு இருந்துச்சு. எங்க கல்யாணத்துக்கு அவன்தான் நின்னு பந்தி பாத்தான். பச்சியம்மாவுக்கு அவன்னா ஒரு மரியாதை. அந்தண்ணன், அந்தண்ணன்னுதான் சொல்லுவா. இன்னைக்கும் அப்பிடித்தான் சொல்றா, அதுதான் எனக்குக் கோவம்.

கொஞ்சம் எண்ணெ காயட்டும். அந்தக் காலை நீட்டுங்க.

குதிக்கறவனுக்கு ஒரு வியாதி இருக்குது சார். அதே உயரத்துலேர்ந்து நூறு தரம் குதிச்சா கைத்தட்டு கம்மியாயிரும். கண்ணு பழகிருது. நான் கம்பத்து மேல ஒரு பலகை அடிக்கச் சொன்னேன். ரெண்டடி ஏறுச்சு. கைத்தட்டும் ஏறுச்சு. ஒரு வருஷத்துல அதுவும் பழகிப் போச்சு. அப்புறம் மேடைக்குப் பக்கத்துல லைட்டு கட்டற இரும்புக் கம்பம் இருக்குமில்ல, பதினாறடி, அதுலேர்ந்து குதிக்கறேன்னேன். எத்திராஜுலு யோசிச்சாரு. சாலமோன்கிட்ட, "என்னப்பா, தாங்குவியா"ன்னு கேட்டாரு. அவன் என்னைப் பாத்தான். நான் தலையாட்டுனேன். தாங்குவேன்னு அவனும் சொல்லிட்டான்.

ரூம்ல வந்து சொன்னான், "மாது, நீ அறுவத்தஞ்சு கிலோதான். ஆனா அந்த உயரத்துலேர்ந்து வந்தா நீ ஒரு மூட்டை இல்ல, நாலு மூட்டை. நீ மேல ஏறுனதைத்தான் கணக்குப் பண்றே, நான் கீழதானே நிக்கறேன்." நான் சொன்னேன், "சாலு, மேல ஏறாட்டி நாம ரெண்டு பேரும் கீழதான் நிக்கணும்." நல்லா சொன்னேன்ல? அவன் சிரிச்சான். சிரிச்சான்னா சம்மதம்னுதானே அர்த்தம்.

கம்பத்துலேர்ந்து குதிக்க ஆரம்பிச்சதும் எங்க பேரு எங்கயோ போயிருச்சு. பேப்பர்ல போட்டாங்க. பாலக்காட்டுல ஆட்டம் போட்டப்ப தகரத் தட்டியைப் பிச்சுக்கிட்டு உள்ள வந்தாங்க. அந்த ஆட்டத்துலதான் அவன் தோள்ல என்னமோ ஆச்சு. நான் போயி எறங்கும்போது டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல. அவன் விழுந்து, வழக்கம்போல கண்ணை உருட்டி, நாக்கைத் தள்ளி ஆட்டத்தை முடிச்சான். ரூமுக்கு வந்து பாத்தா கை எறங்கித் தொங்குது.

எலும்பு வைத்தியத்துக்குப் புத்தூருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எலும்பை ஏத்திக் கட்டு போட்டாங்க. நாப்பது நாளைக்குக் கையைத் தூக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்புனாங்களாம். பத்தாம் நாளே அவுத்துட்டான். யாரும் அவுக்கச் சொல்லல சார். திண்டுக்கல் ஆட்டம் வந்துச்சு, எத்திராஜுலு வேற ஆளைப் போடலாம்னாரு. வேற ஆளு நின்னா எனக்குக் குதிக்க வராதுன்னு நான் சொன்னேன். அவன் பக்கத்துலதான் இருந்தான். அவ்வளவுதான் சொன்னேன். அவனாத்தான் ரூமுக்குப் போயி அவுத்தான்.

அதுக்கப்புறமும் நல்லாத்தான் பிடிச்சான். நாலு மாசம் பிடிச்சான். ஆட்டம் முடிஞ்சதும் ஐஸ் வாங்கிட்டு வந்து துணியில சுத்தி வெச்சுக்குவான். சட்டைப் பட்டனை என்னைப் போடச் சொல்லுவான். போட்டு விட்டிருக்கேன் சார், எத்தனையோ தரம். அப்பல்லாம் நல்லா இருந்தவன் அன்னைக்கு மட்டும் ஏன் கையை எடுத்தான்? அதைத்தான் நான் கேக்கறேன்.

காரணம் இல்லாம இல்ல. சொல்றேன்.

ஐதராபாத்துலேர்ந்து ஒரு டிவிக்காரங்க வந்தாங்க. புதுசா குஸ்தி நிகழ்ச்சி ஆரம்பிக்கறாங்களாம், வாராவாரம். சேலத்துல ஒரு லாட்ஜுல வந்து தங்கிட்டு என்னை மட்டும் கூப்பிட்டு விட்டாங்க. போனேன். ஆட்டத்தோட வீடியோவைப் போட்டுப் பாத்துட்டிருந்தாங்க. அதுல ஒருத்தர் தமிழ் பேசுவாரு. "கீழ நிக்கற ஆளும் உன்கூட வரணுமா?"ன்னு கேட்டாரு. நான் என்ன சொல்லட்டும்? வரணும்னு சொன்னா, ரெண்டு பேருக்கு எடம் இல்லேன்னு என்னையும் விட்டிருப்பாங்க. "கீழ யாரு நின்னா என்னங்க, குதிக்கறது நான்தானே"ன்னேன். அவருக்கு அது பிடிச்சுப் போச்சு. முதுகுல தட்டிக் கொடுத்தாரு. எதுக்கும் ஒருதரம் நேர்ல பாத்துக்கறோம், கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில ஆட்டம் போடுங்க, கேமராவோட வரோம்னாங்க.

சாலமோன்கிட்ட நான் சொல்லல. மறைக்கணும்னு இல்ல சார். சொல்லத்தான் இருந்தேன். நேரம் அமையல. சாப்பிடும்போது சொல்லலாம்னு நெனப்பேன், அவன் மீனுல முள்ளை எடுத்துட்டு எனக்கு வெச்சுட்டிருப்பான், எப்பிடிச் சொல்றது? அதுக்குள்ள எத்திராஜுலு சொல்லித் தொலைச்சுட்டாரு. நான் சொன்னதை அப்பிடியே சொல்லிட்டாரு போல, கீழ யாரு நின்னா என்னங்கற வார்த்தையை. சாலமோன் வந்து ஒண்ணும் கேக்கல. ஒரு சண்டை போட்டிருந்தா பரவால்ல. "கெடச்சா போ மாது, நல்ல சான்ஸு"ன்னான். அப்பவே எனக்குச் சந்தேகம். மனசுல வெச்சுக்கிட்டு வெளியில சிரிக்கறவனை நம்பக் கூடாதுல்ல.

திரும்பி மல்லாந்து படுங்க. கண்ணை மூடிக்குங்க, வெயிலு நேரா அடிக்கும்.

கிருஷ்ணகிரி ஆட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு. எங்க சனம் பூராவும் வந்திருந்துச்சு. பச்சியம்மா, அவங்க அண்ணன் தம்பிங்க, இங்க பரிசல் ஓட்டறவங்க எல்லாரும் ஒரு வேன் பிடிச்சு வந்துட்டாங்க. டிவிக்காரங்க ரெண்டு கேமராவை நிறுத்தியிருந்தாங்க. தட்டிக்குப் பின்னாடி சாலமோன் கரியைப் பூசிக்கிட்டு இருந்தான். ஒரு கையால பூசறான். என்னைக் கூப்பிட்டான்.

"மாது, இன்னைக்குக் கம்பம் வேணாம். மூலையிலேர்ந்தே குதி."

"ஏன்?"

"காலையிலேர்ந்து கை தோளுக்கு மேல ஏறல."

"டிவிக்காரங்க கம்பத்தைப் பாக்கத்தான் வந்திருக்காங்க, சாலு."

"தெரியும். அடுத்த வாரம் காட்டலாம்னு சொல்லு. நான் வேணா வந்து பேசறேன்."

"நீ பேசி என்ன ஆகும்? இன்னைக்கு விட்டா போச்சு. உனக்கு நான் போறது பிடிக்கலேன்னா நேரா சொல்லு."

அவன் கரி டப்பாவை மூடி வெச்சான். அப்புறம் தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டான்.

"சரி"ன்னான்.

சரின்னு சொன்னான் சார். நீங்களே சொல்லுங்க, முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் ஏறியிருப்பேனா? சரின்னு வாயால சொன்னான். தொழில்ல அந்த ஒரு வார்த்தைதான் எல்லாமே. அதை நம்பித்தான் பதினாறடி ஏறினேன்.

மேல நின்னா கிருஷ்ணகிரி மலை தெரிஞ்சுச்சு. கீழ எங்க சனம். ராஜாளி, ராஜாளின்னு கத்தறாங்க. பச்சியம்மா செவப்புச் சேலை. சாலமோன் தள்ளாடிக்கிட்டே வந்து எடத்துல நின்னான். நான் குதிச்சேன். பல்டி அடிச்சு மூஞ்சி கீழ திரும்பறப்போ எப்பவும் அவன் ரெண்டு உள்ளங்கையும் தெரியும். அன்னைக்கும் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சுச்சு சார். ரெண்டு கையும் மேலதான் இருந்துச்சு. அப்புறம் இடது கையைக் கீழ எடுத்துட்டான். என் கண்ணால பாத்தேன். எடுத்தான்.

வலது கை என் இடுப்புத் துணியைத்தான் பிடிச்சுச்சு. பிடிச்சதுல நான் திரும்பி, இந்தக் காலு மடங்கி, மேடையோட இரும்பு விளிம்புல போயி விழுந்தேன். முட்டி மூணு துண்டு. இடுப்பு கிண்ணம் ஒடஞ்சு போச்சு. தரையில கெடக்கறேன், சனங்க இன்னும் கை தட்டிட்டு இருக்காங்க. ஆட்டம்னு நெனச்சுட்டாங்க.

அவன்தான் என்னைத் தூக்கிட்டு ஓடினான். வலது தோள்ல போட்டுக்கிட்டு, கண்காட்சி வாசல் வரைக்கும், அந்தக் கரி மூஞ்சியோட. இடது கை பாட்டுக்குத் தொங்கிக்கிட்டு வருது. மூச்சு வாங்கிக்கிட்டே, "எறங்கிருச்சு மாது, எறங்கிருச்சு மாது"ன்னு சொல்லிக்கிட்டே வந்தான். அதெல்லாம் சனங்களுக்குக் காட்ட. நடிக்கத் தெரிஞ்சவன்தானே.

தருமபுரி ஆஸ்பத்திரியில நாலு மாசம் கெடந்தேன். அவன் கையைக் கழுத்துல கட்டித் தொங்க விட்டுக்கிட்டுத் தினம் வருவான். உள்ள விடாதேன்னு பச்சியம்மாகிட்ட சொல்லிட்டேன். அவன் வராந்தாவுல உக்காந்துட்டு சாயங்காலம் போவான். ஒருநாள் ஜன்னலுக்கு வெளிய நின்னு, "மாது, ஒரு வார்த்தை கேளு"ன்னான். நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் வரல.

கம்பெனி ஆளுங்க அத்தனை பேரும் என்னைப் பாக்க வந்தாங்க. ஒவ்வொருத்தன்கிட்டயும் சொன்னேன், வேணும்னே கையை எடுத்தான்னு. பொறாமைன்னு சொன்னேன். ஐதராபாத்து விசயத்தைச் சொன்னேன். நம்பிட்டாங்க. அதுக்கப்புறம் அவன் எதிர்ல நிக்க ஒருத்தன் வரல. பிடிக்கறவன் ஒருதரம் விட்டான்னு பேராயிருச்சுன்னா அவன் மேல எவன் குதிப்பான்? கை சரியானதும் ஆந்திரா கம்பெனிக்குப் போயிருக்கான், அங்கயும் நான் சொன்னது போயிருந்துச்சு. திரும்பி வந்துட்டான். பெங்களூர்ல ஏதோ கம்பெனி கேட்டுல வாட்ச்மேனா நிக்கறான்னு கேள்விப்பட்டேன். அது நாயந்தானே சார்? எனக்குக் காலு போச்சு. அவனுக்குத் தொழிலு போச்சு.

பச்சியம்மாதான் ஒத்துக்க மாட்டேங்கறா. பத்தொம்பது வருஷமா ஒரே பேச்சு. "நீ மேல இருந்து பாத்தே. நான் அவருக்கு நேரா மொத வரிசையில உக்காந்திருந்தேன். அந்தண்ணன் கையை எடுக்கல. அது அதுவா விழுந்துச்சு. வலியில வாயைத் தொறந்தாரு, நான் பாத்தேன்"ங்கறா. பொம்பளைங்களுக்கு எளகின மனசு. நான் குஸ்திக்காரன். எனக்குத் தெரியாதா எடுக்கறது எது, விழறது எதுன்னு?

கையை நீட்டுங்க. வெரலு ஒவ்வொண்ணா சொடக்கு எடுத்து விடறேன்.

மூணு வாரத்துக்கு முன்னாடி செவ்வாக்கெழமை. கூட்டமே இல்ல. கர்நாடகாவுல தண்ணி கம்மியா விட்டிருந்தாங்க. நான் இதே கல்லுல உக்காந்து பாட்டில் கழுவிட்டிருந்தேன். ஒரு ஆளு படியில எறங்கி வந்தான். தலை முழுக்க வழுக்கை, ஒடம்பு வத்திப் போச்சு. ஆனா நடை இருக்கே, அது மாறாது சார். மேடைக்கு வர்ற நடை. பாத்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு.

நேரா என் முன்னாடி வந்து நின்னான்.

"எண்ணெ போடுவியா?"

"போடுவேன். படு."

அவ்வளவுதான் பேசினோம். சட்டையைக் கழட்டினான். குப்புறப் படுத்தான். பத்தொம்பது வருஷம் கழிச்சு என் கையில கெடக்கறான். கழுத்துல கை வெச்சேன். ஒரு அழுத்து அழுத்தினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அழுத்தல. பாதத்துலேர்ந்து ஆரம்பிச்சேன், எல்லாருக்கும் ஆரம்பிக்கற மாதிரிதான். பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னான். பேரன் இருக்கான்னான். நான் ம்ம்னு கேட்டுக்கிட்டேன். என் எடத்தை யாரு சொன்னாங்கன்னு கேட்டேன். "பச்சியம்மாகிட்ட போன்ல கேட்டேன்"னான். இத்தனை வருஷமா போன்ல பேசிட்டிருக்காங்க சார், எனக்குத் தெரியாம. வீட்டுக்குள்ளயே இப்பிடி.

அப்புறம் அவனே சொன்னான். மூஞ்சி கல்லுல இருக்குது, சத்தம் கீழேர்ந்து வருது.

"மாது, அன்னைக்கு நான் உன்னைப் பிடிச்சிருக்கணும். பிடிக்கல. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

நான் கேட்டேன், "வேணும்னுதானே எடுத்தே?"

நான் இடுப்புலேர்ந்து முதுகுக்கு ஏறிட்டேன். அப்புறம், "முடியாதுன்னு சொல்லாம சரின்னு சொன்னேன் பாரு, அது என் தப்புதான்"னான்.

கேட்டீங்களா சார்? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். இத்தனை வருஷமா நான் சொன்னது சரின்னு ஆயிப்போச்சு. எனக்கு எப்பிடி இருந்திருக்கணும்? சந்தோசமா இருந்திருக்கணுமில்ல.

கை அவன் இடது தோளுக்குப் போச்சு.

பதினாலு வருஷமா இந்தத் தொழில் பண்றேன் சார். ஒரு நாளைக்கு எத்தனை தோளு. லாரி ஓட்டறவன் தோளு, மூட்டை தூக்கறவன் தோளு, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கறவன் தோளு, கண்ணைக் கட்டி விட்டாலும் வெரலுல சொல்லிருவேன். அவன் தோள்ல கை வெச்சா, சதை இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமில்ல. வெரலு உள்ள போகுது. எலும்பு குழியை விட்டு முன்னாடி வந்து, அங்கயே கூடி நின்னு போச்சு. ஒருதரம் எறங்கின தோளு அப்பிடி ஆகாது. எறங்கி, எறங்கி, எறங்கி, ஒவ்வொரு தரமும் ஏத்தி ஏத்தி விட்டு அதும்மேல பாரம் விழுந்தாத்தான் அப்பிடி ஆகும். ரொம்பப் பழசு. அந்தக் கையை ஒரு மனுசன் தலைக்கு மேல தூக்கணும்னா, அதைத் தூக்கி நிறுத்தறதுக்கே... தூக்கி வெச்சிருந்தான். நான் பாத்தேனே. மொதல்ல ரெண்டு கையும் மேலதான் இருந்துச்சு.

என் கை அங்கயே நின்னு போச்சு போல. அவன் தலையைத் திருப்பிக் கேட்டான்.

"என்ன மாது, என்ன இருக்கு அங்க?"

அவனுக்குத் தெரியாதா என்ன இருக்குன்னு? தெரிஞ்சுதான் கேட்டான். நான் சொல்லணும்னு கேட்டான். அருவியைப் பாத்தேன். எண்ணெயை இன்னும் கொஞ்சம் ஊத்தினேன்.

"ஒண்ணுமில்ல. வாயு"ன்னேன்.

"அப்பிடியா"ன்னான். திரும்பவும் மூஞ்சியைக் கல்லுல வெச்சுக்கிட்டான்.

மிச்சத்தை முடிச்சேன். எந்திரிச்சுப் போயி அருவியில நின்னுட்டு வந்தான். தலையைத் துவட்டிக்கிட்டு சட்டையை எடுத்தான். வெள்ளைச் சட்டை, புதுசு, மடிப்பு கூடக் கலையல. வலது கையை மாட்டிட்டான். இடது கை பின்னாடி போகல. சட்டையைச் சுத்தி முன்னாடி கொண்டாந்து பாத்தான். பல்லால காலரைக் கடிச்சுக்கிட்டுப் பாத்தான். குனிஞ்சு, ஒரு பக்கமா சாஞ்சு, ரொம்ப நேரம். என்னைக் கூப்பிடல. நான் இதோ, நீங்க இருக்கற தூரத்துலதான் நின்னுட்டிருந்தேன்.

ரெண்டு கையும் எண்ணெ சார். தொட்டா சட்டை வீணாப் போயிருக்கும்.